தொண்ணூறாவது ஆள்

மிச்சிகனில், பழைய மளிகைக்கடைக் கட்டடத்தில் அரசு உரிமமும் பணமும் பெற்றுத் தனியாக நடக்கும் அந்தச் சின்ன சார்ட்டர் பள்ளிக்கு வெர்னாதான் குமாஸ்தா. அக்டோபரில் தலையெண்ணும் நாளன்று தொண்ணூறு பிள்ளைகள் வகுப்பில் இல்லையென்றால் பள்ளியின் உரிமம் போய்விடும். பதினோரு வருஷமாக அவள் ஒரு தலைகூடக் குறைய விட்டதில்லை. இன்றைக்கு எண்பத்தொன்பதுதான். வராதவள் பன்னிரண்டாம் வகுப்பு டெலைனா. வெர்னா காரை எடுத்துக்கொண்டு அவள் பண்ணைக்கே போய்விட்டாள்.

"மாடு கன்னு போட முடியாம தவிக்குது, மிஸ். நான் எப்படி வர்றது?"

"நகரு," என்றபடி வெர்னா சட்டைக்கையை மடித்துவிட்டுக் குனிந்தாள்.

கன்று விழுந்ததும் இருவரும் சாணி அப்பிய பூட்ஸோடு வகுப்புக்குள் நுழைந்தார்கள். எண்ண வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நாத்தத்தை எழுத வேணாம் சார்," என்றாள் வெர்னா. "தொண்ணூறுன்னு மட்டும் எழுதுங்க."