வெர்னன் விழுங்காத சர்க்கரை

வெர்னன் ஹாஸ்கின்ஸ் பகலில் தபால் ஆபீசில் கடிதம் பிரிப்பான். சாயங்காலம் எங்கள் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பான். சான் பிரான்சிஸ்கோவில், பேஜ் தெருவின் ஒரு பழைய மரவீட்டில் ஆறு பேர் சேர்ந்து குடியிருந்தோம். அறுபத்தாறாம் வருடக் கோடை அது. எங்களில் ஒழுங்காக முடி வெட்டிக்கொண்டவன் அவன் ஒருவன்தான். அதற்கே தினமும் கேலி கேட்பான்.

என் பெயர் டோரீன். அவர்கள் வாசிக்கும்போது பின்திரையில் நிறங்களை ஓடவிடுவது என் வேலை. கண்ணாடித் தட்டில் எண்ணெயும் சாயத்தண்ணீரும் ஊற்றி, விளக்குப் பெட்டியின் மேல் வைத்து ஆட்டுவேன். வாசிக்கத் தெரியாதவளுக்கு அதுவே பெரிய பதவி.

மேடை ஏறுமுன் ஐந்து பேரும் வட்டமாக நின்று ஆளுக்கொரு சர்க்கரைக் கட்டியை வாயில் போட்டுக்கொள்வார்கள். அதில் ஒரு சொட்டு எல்.எஸ்.டி. என்ற போதைமருந்து. அப்போது அதற்குத் தடைச் சட்டம் வந்திருக்கவில்லை. பிறகு ஒரே பாட்டு நாற்பது நிமிடம் ஓடும். கிதார் ஒரு திசை, ஆர்கன் ஒரு திசை, டிரம்ஸ் எங்கேயோ. எல்லாம் சிதறிப் போய்விட்டது என்று நினைக்கும்போது ஐந்து பேரும் ஒரே நொடியில் பல்லவிக்குத் திரும்புவார்கள். கூட்டத்துக்குத் தலைகால் புரியாது. ஐந்து மனம் ஒரு மனமாகிவிடுகிறது, எல்லாம் சர்க்கரையின் மகிமை என்று பாடகன் கிடியன் சொல்வான். நாங்கள் நம்பினோம்.

ஒரு சனிக்கிழமை எல்லார் துணியையும் துவைக்க எடுத்துப் போனேன். வெர்னனின் சட்டைப் பையில் மேடை ஏறுமுன் கொடுத்த சர்க்கரைக் கட்டி நாலு, காகிதத்தில் பொதிந்து அப்படியே இருந்தது. மறுநாள் காலைச் சாப்பாட்டில் அதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

கிடியன் கரண்டியைக் கீழே வைத்தான். "நாங்க எல்லாம் அம்மணமா நின்னப்ப, நீ மட்டும் கோட்டு போட்டுக்கிட்டு வேடிக்க பாத்திருக்க."

"யாராவது ஒருத்தன் தாளத்த எண்ணணும்ல," என்றான் வெர்னன்.

"எண்ணுறதுக்கு இது என்ன தபால் மூட்டையா?"

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால் மற்ற அத்தனை பேரும் கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் அவர் இருக்கலாம். இரண்டு வாரத்தில் இசைத்தட்டுப் பதிவு வைத்திருந்தார்கள். ஏழு வருடம் கடிதம் பிரித்தவன் வெர்னன். அந்த இசைத்தட்டுக்காகத்தான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தான். எல்லாருக்கும் தெரியும். நாலு கை எழுந்தது. ஐந்தாவதாக என் கையும் எழுந்தது. கோபம் இல்லை, பயம் இல்லை, எதுவுமே இல்லை. மரத்துப்போன கை மாதிரி அது பாட்டுக்கு எழுந்தது. வெர்னன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பெட்டி கட்டினான்.

பதிவுக்கு இன்னொருவனைக் கூட்டிவந்தார்கள். அவன் மனமாரச் சர்க்கரை விழுங்குகிறவன். மூன்று நாள் வாசித்தார்கள். பாட்டை விட்டுப் போனார்கள், போனார்கள், ஒருதடவைகூடப் பல்லவிக்குத் திரும்பி வரவில்லை. பதிவு நாடா தீர்ந்துபோகும், இவர்கள் அங்கேயே நிற்பார்கள். பதிவு செய்பவர் பழைய ஒத்திகை நாடா ஒன்றைப் போட்டுக் காட்டினார். பல்லவி வருவதற்குச் சற்று முன்னால் பேஸ் கிதாரில் மூன்று தட்டு. ஒவ்வொரு தடவையும் அதே மூன்று தட்டு. அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் திரும்பியிருக்கிறார்கள். கேட்டோம் என்றே தெரியாமல் கேட்டிருக்கிறார்கள்.

கிடியனுக்கு நேரில் போக முகமில்லை. என்னை அனுப்பினான். வெர்னன் ஒன்றும் கேட்காமல் கிளம்பி வந்தான். ஒரே மத்தியானத்தில் இசைத்தட்டுக்கான நாலு பாட்டும் முடிந்தன. இருந்துவிடேன் என்று கிடியன் கெஞ்சினான். வெர்னன் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு கிதாரைப் பெட்டியில் வைத்தான்.

வாசல்வரை நான் கூடப் போனேன்.

"டோரி, ஒரு கை தூக்காம இருந்திருந்தா போதும்," என்றான். "அது உன் கையா இருக்கும்னு நெனச்சேன்."

அழுகை வரும் என்று அங்கேயே நின்றேன். பஸ் வந்தது, அவன் ஏறினான், பஸ் போனது. அழுகை வரவில்லை.