குடிக்காதவரின் தள்ளாட்டம்

ஒரு சொட்டு சிந்தாமல் சூப் கொண்டுபோகிறவர் என்று அந்த உணவகத்தில் பெயர் வாங்கிய சர்வர் அவர். இளவயதில் பந்தாடும்போது பிசகிய வலது கணுக்கால்தான் அவரைக் கவிழ்த்தது. வீங்கும், வற்றும், மறுபடி பிசகும். போகப் போகச் சமதரையிலேயே மடங்கத் தொடங்கியது.

ஒரு மதியம், கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், தட்டோடு விழுந்தார். சூப் முழுவதும் வாடிக்கையாளர் ஒருவரின் வெள்ளைச் சட்டையில்.

மேனேஜர் அவரைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு இழுத்துப் போனார். "என்னய்யா, பட்டப்பகல்லயே போட்டுட்டு வந்திருக்கியா?"

காலில் கோளாறு என்றால் வேலை போய்விடும். குடி என்றால் திட்டோடு போகும். சமையல்காரரை அப்படித்தான் பலமுறை மன்னித்திருந்தார்கள். குடியைத் தொட்டே பார்க்காத மனிதர், "ஆமா சார், கொஞ்சம்... மன்னிச்சிடுங்க" என்றார்.

செய்தி அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்தது. மச்சான் வந்து புத்தி சொன்னான். மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தெரியாத மாதிரி மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் குளியலறை வாசலில் சரிந்தார். ஓடிவந்த மனைவி முதலில் வாயைத்தான் முகர்ந்தாள். பற்பசை வாசனை. பிறகுதான் வீங்கிக்கொண்டிருந்த காலைப் பார்த்தாள்.

"ஏங்க, இதுக்கா குடிகாரன்னு பேர் வாங்குனீங்க?"

அன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

எலும்பு மருத்துவர் பாதத்தை அசைத்துப் பார்த்தார். "கணுக்காலைப் பிடிச்சு நிறுத்துற தசைநார் பழைய எலாஸ்டிக் மாதிரி தொளதொளத்துப் போச்சு." பயிற்சிகள் கொடுத்தும் பிசகுவது நிற்கவில்லை. கடைசியில் ஆபரேஷன் செய்து, தளர்ந்த தசைநாரை இழுத்து எலும்போடு சேர்த்துத் தைத்தார். கட்டு, ஊன்றுகோல், ஒற்றைக்காலில் நின்று பழகுவது என்று மாதங்கள் ஓடின. உணவகத்தில் ஆஸ்பத்திரியில் சேர்வதாக மட்டும் சொல்லி விடுப்பு வாங்கியிருந்தார்.

வேலைக்குத் திரும்பிய அன்று மேனேஜர் எல்லோர் முன்பும் அவர் தோளில் கைபோட்டார். "ஆஸ்பத்திரியில சேர்ந்து குடிய விட்டுட்டு வந்திருக்கார். கைதட்டுங்க!"

தட்டினார்கள். சமையல்காரர் மட்டும் கண் கலங்க அருகில் வந்தார். "எந்த ஆஸ்பத்திரிண்ணே? நானும் சேரணும்."

சர்வருக்கு உடம்பே கூசியது. குனிந்து காலுறையைக் கீழே தள்ளித் தழும்பைக் காட்டினார். "ஆபரேஷன் காலுக்குப்பா. நான் குடிச்சதே இல்ல. வேலைக்குப் பயந்து பொய் சொன்னேன்."

சமையல்காரர் அடுப்பங்கரைக்குத் திரும்பிவிட்டார். மேனேஜர் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"இப்ப கால் நிக்குதா?"

"நிக்குது சார்."

"அப்ப போய் ஜன்னலோர டேபிளைப் பாரு."

கால் ஒருமுறைகூட மடங்கவில்லை. ஆனால் அன்று முழுவதும் சமையல்காரரின் முகத்தைப் பார்க்காமலேயே அவர் தட்டுகளை வாங்கிக்கொண்டார்.