‘நம்ம’ என்பதற்கும் ‘எங்க’ என்பதற்கும் நடுவே

வெட்டுப்படும் இரும்பின் மேல், சூடு தணிக்க விடும் கூலண்ட் சொட்டும்போது ஒரு வாடை எழும். தீய்ந்த பாலும் நனைந்த சாவிக்கொத்தும் கலந்தது போல. எந்த ஊரில் எந்த லேத் பட்டறையைக் கடந்தாலும் அந்த வாடை என்னைப் பிடித்து நிறுத்தி நெல்லைப் பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். அக்கா வீட்டுப் பட்டறை. தேர்தல் நேரத்து மத்தியானம். எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்த செல்போன். அதற்குள்ளே துண்டு போட்ட ஒருவன் கையை வீசிப் பேசிக்கொண்டிருக்கிறான். அக்கா, அத்தான், நான், மூன்று பேரும் குனிந்து பார்க்கிறோம், கன்றுக்குட்டிக்கு என்ன நோவு என்று பார்ப்பவர்களைப் போல.

பேசியவன் என் வகுப்புத் தோழன். முக்கூடலில் எங்கள் தெருக்காரன். இப்போது ஒரு கட்சியில் மாவட்ட அளவில் பெரிய பொறுப்பு. சுவருக்குச் சுவர் சிரிக்கிறான். அக்காவுக்கு மட்டும் அவன் இன்னும் ‘ஏல’ என்று கூப்பிடும் தெருப் பையன்தான். அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவானதும், வழக்கப்படி, பத்திரிகையில் ‘தலைமை’ என்று போட்டு அவன் பெயரை அச்சடித்தாயிற்று. பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆயிற்று. தலைமை தாங்குபவர் மேடையேறி, மணமக்கள் பக்கத்தில் நின்று, மைக் பிடித்து வாழ்த்த வேண்டும். தாலி கட்டி முடித்தாலும் அந்தப் பேச்சு முடியாமல் இங்கே யாரும் பந்திக்கு எழுந்திருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை ஒடிசாக்காரர். காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவர்; அதே கம்பெனி அலுவலகத்தில் அக்கா மகளும் இருந்தாள். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தமிழ் கற்றுக்கொண்டது கோபுரத்தின் மேல், கயிற்றில் தொங்கியபடி, நம் ஊர் ஆட்களிடம். முதல் தடவை பெண் வீட்டுக்கு வந்தவர் அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, “காப்பி அருமையா இருக்கு வே” என்றார். ஆண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ‘வே’யை வருங்கால மாமியாரிடம் சொல்லிவிட்டார். அத்தானுக்குப் புரையேறிவிட்டது. அக்கா கண் சிமிட்டாமல், “அப்படின்னா இன்னொரு டம்ளர் குடியும் வே” என்றாள். சம்மதம் கேட்கவும் கொடுக்கவும் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கூட்டம். பேட்டையில், பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் திடலில், வெளியூர்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்களைத் தாக்கி என் தோழன் பேசினான். மறுநாள் அது எல்லோருடைய போனிலும் ஓடியது. அக்கா மகள் என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா, அவரோட அப்பாவும் அம்மாவும் ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காந்து வாராவ. இந்த மனுசன் மேடையில நின்னு ஒரு வார்த்தை இப்படிப் பேசினா, நான் மாலையோட எறங்கிப் போயிருவேன். நீங்க கவிதையெல்லாம் எழுதுதவிய. கேட்டுப் பாத்துச் சொல்லுங்க, இவிய மனசாரப் பேசுதாவளா, சும்மா பேசுதாவளா?”

தாய்மாமனுக்கு எத்தனையோ கடமை உண்டு. இப்படி ஒன்று யாருக்கும் வந்திருக்காது. பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

“நீ காதால கேளு. நான் கண்ணால பாக்கேன்,” என்றாள் அக்கா. லேத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.

எல்லோரையும் போல அவனும் ஆற்றில்தான் தொடங்கினான். “இந்தத் தாமிரபரணி நம்ம மலையில பிறந்து, நம்ம மண்ணுல நடந்து, நம்ம கடல்ல சேருது. வெளியில இருந்து ஒரு சொட்டு வாங்கினதில்லை!” கைதட்டல். எனக்கும் கை துறுதுறுத்தது. வாக்கியம் படிக்கட்டு மாதிரி இறங்கியது. ஒவ்வொரு ‘நம்ம’விலும் ஒரு கால் வைத்து நிற்கலாம். அந்த நேரத்தில் அவன் உடம்பும் அழகாக இருந்தது. குதிகால் எழும்பி, உள்ளங்கைகள் விரிந்து, திடலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எல்லோரையும் அள்ளின.

“அப்போ மழை?” என்றாள் அக்கா. “அது யாரு வீட்டு மழையாம்? கடலுக்கு அங்கிட்டு இருந்துல்லா வருது.”

“மழைக்கு ஏதும்மா ஓட்டு,” என்றார் அத்தான்.

அடுத்தது: “நான் யாருக்கும் எதிரி இல்லை. பிழைக்க வந்தவனை விரட்டுதவன் இல்லை. ஆனா…” அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் ஒரு பள்ளம் வெட்டினான். துண்டை எடுத்து வாயைத் துடைத்தான். மேடைப் பேச்சில் இது பழைய வித்தை. முதலில் சொன்ன இரண்டு நல்ல வாக்கியங்களும் அந்தப் பள்ளத்தில் விழுந்து சாகத்தான் சொல்லப்படுகின்றன. நான் அதைச் சொன்னேன். அக்கா காதில் வாங்கவில்லை.

“யாரைப் பாக்கான்னு பாரு. வலது பக்கம். அந்தத் தடித்த ஆளு தலையாட்டுதானான்னு பாக்கான். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு மூஞ்சியப் பாத்துப் பாத்து வாய்ப்பாடு சொல்லுவாம்லா, அதே கண்ணு.”

“ரயில் ரயிலா வந்து எறங்குதானுவ!” என்று அவன் விரல் நீட்டினான். அத்தான் போனுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். “ஸ்டேசன் அங்கனயா இருக்கு? இவன் மணிமுத்தாறு மலைக்குல்லா வழி சொல்லுதான்.” சிரித்துச் சிரித்து அத்தானுக்கு இருமல் வந்தது. நாங்களும் சிரித்தோம். அவனைத் திட்டத்தான் உட்கார்ந்தோம். ஆனால் அந்தத் தப்பான விரலைப் பார்த்தபோது, வரைபடத்தில் கடலைத் தேடச் சொன்னால் எப்போதும் மலையில் கை வைக்கிற பையன் வந்து நின்றுவிட்டான்.

பிறகு அந்த இடம். “எல்லா வேலையையும் அவனுவ எடுத்துக்கிட்டா எங்க பிள்ளைய எங்கிட்டுப் போகும்?”

நான் போனைத் தொட்டு நிறுத்தினேன். திரும்ப ஓட்டினேன். எங்க பிள்ளைய. அதுவரை நூறு ‘நம்ம’ சொன்னவன், மிகவும் கொதித்துப் பேசிய அந்த இடத்தில் ‘எங்க’ என்றான். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால்தான் தமிழில் ‘நம்ம’. கேட்பவரை வெளியே நிறுத்தினால் ‘எங்க’. நம் ஊர்க் கூட்டத்தின் முன் நின்று நம் ஊர்க்காரன் ‘எங்க பிள்ளைய’ என்று சொல்லவே முடியாது. நாக்கு மறுக்கும். அப்படியென்றால் அந்த நிமிடம் அவன் யாரைப் பார்த்துப் பேசினான்?

“நீ ஒருத்தன், எழுத்தை எண்ணிக்கிட்டு,” என்றாள் அக்கா. ஆனால் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் நாலு தடவை ஓடவிட்டாள். ஊமையாக அவன் வாய் திறந்து மூடியது. இடது கை, துண்டின் நுனியைச் சுருட்டி முஷ்டிக்குள் வைத்திருந்தது. இறுக்கி, நகம் வெளுக்க.

“இது அவன் அம்மா முந்தானைல்லா,” என்றாள்.

அவன் பம்பாயில் பிறந்தவன். இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எத்தனையோ போன மாதிரி அவன் அப்பாவும் அங்கே பிழைக்கப் போய், ஒரு ரொட்டிக் கடையில் இருந்தார். ஒரு நாள் மொத்தக் குடும்பமும் மூட்டையோடு வந்து இறங்கியது. ஏன் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை; அக்காவிடம் மட்டும் அவன் அம்மா சொல்லியிருக்கிறாள், அங்கே ஒருத்தன் பெட்டி மேல் ஏறி நின்று, ‘மதராசிகள் எங்க பிள்ளைகள் வேலையைத் தின்கிறார்கள்’ என்று பேசியதை, கடைக் கண்ணாடி உடைந்ததை. வந்த புதிதில் அவன் பள்ளிக்கூட வாசலில் அம்மா முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான். தண்ணீரை ‘பானி’ என்பான். நாங்கள் ‘பானி, பானி’ என்றே கூப்பிட்டோம்.

“கேட்ட பேச்சைத்தான் திருப்பிப் பேசுதான். அவனுக்கே தெரியாது,” என்றாள் அக்கா.

“வேர்வையாவும் இருக்கலாம்க்கா. துண்டுன்னா பிடிக்கத்தான் செய்வான்.”

“இருக்கலாம்.” அவள் விடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

வேலை முடிந்து அக்கா மகள் வந்தாள். என்ன தெரிந்தது என்று கேட்டாள். ஆற்றையும் ‘ஆனா’வையும் ‘எங்க’வையும் சொன்னேன். பாதி மனசு, பாதி பழக்கம், மேடைக்காகக் கொஞ்சம் என்று ஏதோ நிறுவை சொன்னேன். செருப்பைக் கழற்றாமலே நின்று கேட்டாள்.

“சும்மாதான் பேசினாவன்னே வச்சுக்கிடுவோம் மாமா. சும்மா பேசினா வலிக்காதா? அவரு அப்பாவுக்குத் தமிழ் தெரியாது. சரி. அவருக்குத் தெரியும்லா?”

ஒரு மத்தியானம் முழுக்க நான் பேசுகிறவனுடைய மனசைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கிறவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

“வால, முக்கூடலுக்குப் போவோம்.”

அவன் வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கட்சிக்காரர்கள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான். “யக்கா! சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேன்லா.” ஆட்களை அனுப்பிவிட்டு எங்களை உள்ளே உட்கார வைத்தான். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. போனில் பார்த்ததைவிட இளைத்திருந்தான். அடுத்த தேர்தலுக்குள் கரைந்துவிடுவான் போல இருந்தான். கோபத்தை எங்கே வைத்தோம் என்று நான் தேடினேன்.

அக்கா தேடவில்லை. “பேட்டையில நீ பேசினதைப் பாத்தோம்.”

அவன் முகம் சிவந்தது. “அது மேடைப் பேச்சுக்கா. எனக்கு முந்திப் பேசினவன் அப்படிக் கைதட்டு வாங்கிட்டான். நான் என்ன செய்ய?”

“மேடையிலதானல என் பிள்ளையும் உக்காரப் போறா.”

நான் மெதுவாக அந்த ‘எங்க’வைக் கேட்டேன். முதலில் சிரித்தான். “கவிதை எழுதுத புத்தி உனக்கு, பேன் பாக்குத மாதிரி பாக்கே.” பிறகு நெற்றியைத் தேய்த்தான். “திடல் ஓரத்துல டீக்கடை இருக்குல்லா. அங்கன நாலஞ்சு வடக்கத்திப் பயலுவ நின்னானுவ. கையில கிளாசோட. குடிக்காம என்னையே பாத்தானுவ. அவனுவளைப் பாத்துட்டேன் வே. அப்புறம் ‘நம்ம’ன்னு வாயில வரல்ல.”

அது கூச்சமா, இரக்கமா, அல்லது ஆள் முகம் பார்த்து இன்னும் கூர்மையாகக் குத்தியதா, இன்று வரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் சொற்களோடு புரண்டவன் நான். ஒரு சொல் ஒரே நேரத்தில் கும்பிடவும் கல்லெறியவும் செய்யும் என்பதை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் பக்கத்தில் பார்த்தேன்.

“பிள்ளை என்ன சொல்லுதா?” என்று கேட்டான்.

அக்கா சொன்னாள். மாலையோடு இறங்கிப் போவதை, ரயிலில் வரும் இரண்டு பேரை, எல்லாவற்றையும். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கை தோளுக்குப் போனது; துண்டு இல்லை, வீட்டில் பனியனோடு இருந்தான். கை வெறுமனே இறங்கியது.

“நான் நல்லாப் பேசுதேன்க்கா,” என்றான் திடீரென்று. “ஒடிசாவையும் நெல்லையையும் சேத்து, ரெண்டு ஆத்தையும் சேத்து, அப்படி ஒரு வாழ்த்துப் பேசுதேன். கேக்குத எல்லாரும் அழுதுருவாவ. இதை அதுல சரி பண்ணிருதேன்.”

“நீ அழகாப் பேசுவேன்னுதான்ல எனக்குப் பயமே,” என்றாள் அக்கா.

அவன் வாயை மூடிக்கொண்டான். அப்படி அவன் மூடி நான் பார்த்ததில்லை. அவன் மனைவி முறுக்கும் காப்பியும் கொண்டு வந்தாள். ஆற்றில் தண்ணீர் குறைந்ததை, வாழைக் குலை விலையை, ஊரில் யார் யாருக்குச் சர்க்கரை என்பதைப் பேசினோம். அவன் ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னான். முறுக்கைத் தொடவில்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்தான். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டான். தெருவில் நின்ற கட்சிக்காரர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அக்கா அவன் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

“நான் வராமலே இருந்துரட்டுமாக்கா?”

“வராம இருந்தே, காலை ஒடிச்சிருவேன்.”

“அப்போ பத்திரிகையில பேரு போட்டிருக்கே?”

“பேரு கெடக்கட்டும்ல. மொத ஆளா வந்து நில்லு. வாயைத் தொறந்தா சாப்பாட்டுக்குத்தான் தொறக்கணும், கேட்டியா?”