விட்டுவிட்டுப் போனதும் கைவிட்டுப் போனதும்

ஓ எல் எனப்படும் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய ஒருத்தி சட்டத்தரணிகளைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவள் நான். ஆனாலும் சென்ற மாதம் என் பழைய முதலாளி இளம் சட்டத்தரணிகளுக்கு ஆற்றிய உரையைக் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. குடும்ப வழக்குகளில் தான் காலூன்றிய கதையைச் சொன்னார். தன்னுடைய முதல் வெற்றி தமிழறிவால் வந்தது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்ததால் நானும் தட்டினேன்.

அந்தத் தமிழறிவைத் தட்டச்சு செய்தவள் நான்.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு மாடிவீட்டின் முன்னறைதான் அவருடைய முதல் கந்தோர். உள்துறைமுகம் தெரியும் ஜன்னலுக்கு நேரே தன் கதிரையைப் போட்டிருந்தார். வருகிறவர்களின் கதிரை அலுமாரியைப் பார்த்தபடி இருந்தது. அவர்கள் அலுமாரியைப் பார்த்து அழுவார்கள், அவர் கப்பலைப் பார்த்துக்கொண்டு கேட்பார். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அக்கா என்பார், நான் சேர் என்பேன்.

அந்த முதல் வருடம் வந்த வழக்குகள் சொற்பம். அவற்றுக்கும் மனுக்களைத் தானாக எழுதமாட்டார். தான் பயின்ற மூத்த சட்டத்தரணியின் பழைய மனுவை எடுத்துப் பெயரை மாற்றுவார். மற்றதெல்லாம் அப்படியே கிடக்கும். ஒருமுறை கோயிலில் தாலி கட்டிய சோடி தேவாலயத்தில் மோதிரம் மாற்றியிருந்தது. இன்னொரு மனுவில், மூன்று பெற்ற மனுசிக்குப் பிள்ளைகளே இல்லை. நான் சத்தம் போடாமல் திருத்திவிடுவேன். தனக்குப் பிழையே வராது என்று அவர் நம்பத் தொடங்கியதற்கு நானும் ஒரு காரணம்.

சொற்களில் மட்டும் அவர் சொந்தமாகப் பாடுபட்டார். பேச்சுத் தமிழ் நீதிமன்றத்துக்கு மரியாதைக் குறைவாம். ஒருத்தி 'அழுதனான்' என்றால் 'கண்ணீர் உகுத்தேன்' என்று எழுதுவார். எழுதியதைத் தானே ஒருமுறை சத்தமாக வாசித்துச் சுவைப்பார்.

அப்படியிருக்கும்போதுதான் தம்பலகாமத்திலிருந்து அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இராது. இடது கையில் கட்டு.

"பிள்ளை இப்ப எங்கை?" என்று கேட்டார்.

"மாமியிட்டை, சேர். அவர் அடிச்சதிலை கை வீங்கிப்போச்சு. பிள்ளையை மாமியிட்டை விட்டிட்டு ஆசுப்பத்திரிக்குப் போனனான். திரும்பி வந்தால் வாசல் படலையைப் பூட்டிப்போட்டினம்."

"எத்தினை நாளாச்சு?"

"பதினொரு நாள். மூண்டு வயசு, சேர். நான் தீத்தினால்தான் சாப்பிடுவான்."

பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கக் கேட்டு வழக்கு. அதோடு அவள் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டிய சத்தியக்கடதாசியைப் பின்னேரம் எழுதிக் கொடுத்தார். அதில் இப்படி ஒரு வரி இருந்தது: 'பிள்ளையை மாமியாரிடம் கைவிட்டு வீட்டிலிருந்து வெளியேறினேன்.' ஆசுபத்திரி இரண்டு பந்தி தள்ளி, வேறு எதற்கோ போனமாதிரிக் கிடந்தது.

"சேர், அவ விட்டிட்டு எண்டுதானே சொன்னவ."

"ஓம். விட்டிட்டு எண்டதுக்கு எழுத்துத் தமிழ் கைவிட்டு."

"இல்லை சேர், கைவிட்டு எண்டால் வேறை மாதிரி..."

"அக்கா, நீங்கள் எதுவரைக்கும் படிச்சனீங்கள்?"

"ஓ எல், சேர்."

"அப்ப அடியுங்கோ."

அடித்தேன். தேவாலயத்தைக் கோயிலாக்கிய எனக்கு, கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டபின் அந்த ஒரு சொல்லை மாற்றத் துணிவு வரவில்லை. அவர்மேல் எனக்கு இருக்கும் இளக்காரத்தில் பாதி அன்றைக்கு என்மேலும் விழுந்தது. சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் வாசித்து விளங்கப்படுத்தியபின் ஒப்பமிட்டதாக அடியில் எழுதியிருந்தது. யாரும் வாசிக்கவில்லை. நீதவான் முத்திரையைக் குத்திவிட்டு என்னிடம் வெயிலைப் பற்றிக் கதைத்தார்.

வழக்கு நாளில் கோப்புகளைச் சுமந்துகொண்டு நானும் போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்தேன். கணவனின் சட்டத்தரணி வயதானவர், அவசரமில்லாதவர். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கூண்டில் நின்றவளிடம் கேட்டார்.

"பிள்ளையை மாமியிட்டை விட்டிட்டுப் போனனீரோ?"

"ஓம் ஐயா, விட்டிட்டுத்தான் போனனான்."

"அவ்வளவுதான்" என்று இருந்துவிட்டார்.

அவளுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. உண்மையைச் சொன்ன முகத்தோடு நின்றாள். நீதிபதி அம்மா எங்கள் பக்கம் பார்த்தார். "தாயே கைவிட்டதாகச் சத்தியம் செய்திருக்கிறார். பிறகு எதற்கு இந்த மனு?"

என்னுடைய சேர் எழும்பினார். கப்பலைப் பார்க்கிற முகம் இல்லை. "கனம் நீதிபதி அவர்களே, அது தட்டச்சுப் பிழை." விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

கோப்புகளை வாங்கில் வைத்தேன். எழும்பினேன்.

"நீங்களா அடிச்சது?" என்று நீதிபதி கேட்டார்.

"ஓம் அம்மா, நான்தான் அடிச்சனான்."

வாங்குகளில் சிரிப்பு. "அப்ப புருசன்காரன் தப்பியிட்டான்" என்றது ஒரு குரல். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

"இந்தத் தாய் உங்கள் கந்தோரில் சொன்னது என்ன?"

பிழை யாருடையது என்று சொல்லத் தொடங்கினால் அதுவே இன்னொரு வழக்காகும், அந்தப் பிள்ளை அங்கேயே கிடக்கும் என்று பட்டது. அதனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"பிள்ளையை மாமியிட்டை விட்டிட்டு ஆசுப்பத்திரிக்குப் போனனான் எண்டுதான் சொன்னவ, அம்மா. கைவிட்டு எண்டு சொல்லேல்லை. நானும் காலமை என்ரை மகளைப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டுத்தான் வந்தனான். இங்கை எல்லாரும் அப்பிடித்தான் கதைக்கிறது."

என் வாழ்க்கையில் அந்நியர் முன் ஒரே மூச்சில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். நீதிபதி ஆசுபத்திரிச் சீட்டைக் கேட்டு வாங்கித் திகதியைப் பார்த்தார். கணவனின் சட்டத்தரணியிடம் படலையைப் பற்றிக் கேட்டார். அவர் தன் கட்சிக்காரன் பக்கம் திரும்பிப் பார்த்தார். சத்தியக்கடதாசியைத் திருத்தித் தரவேண்டும், வழக்கு முடியும்வரை பிள்ளை தாயிடம் இருக்கவேண்டும், மறுநாள் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று கட்டளை வந்தது.

வெளியே மரத்தடியில் அந்தப் பெண் சேரின் காலில் விழப்போனாள். அவர் பெருந்தன்மையோடு தடுத்தார்.

"பாத்தீங்களா தங்கச்சி, ஒரு சொல்லிலை வழக்கைத் தூக்கினனான்."

பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இனி அடிக்கேக்கை கொஞ்சம் கவனமாய் அடியுங்கோ."

"ஓம் சேர்" என்றேன். அவர் உரையில் சொன்ன முதல் வெற்றி இதுதான்.

மறுநாள் பத்து மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் பிள்ளையைத் தாயிடம் கொடுத்தார்கள். நான் கந்தோரில் அந்தச் சத்தியக்கடதாசியைத் திருத்தி அடித்தேன். அவர் வாசிக்காமலே சரி என்றார்.