கறையானுக்குக் கழற்றிய செருப்பு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கரப்பான்பூச்சி மருந்தடிக்க வந்தவர் அவர். மலையகப் பேச்சு, தூக்கம் போதாத கண்கள். குசினியில் அடுப்பருகே செருப்போடு நின்று அடித்து முடித்தார். பிறகு படுக்கையறைக் கதவுநிலையில் ஏறியிருந்த கறையான் மண்ணைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து குந்தினார்.

"ஏன் கழட்டினனீங்கள்?" என்று கேட்டேன்.

"இது புத்து கட்டுறதுங்க சார். கரப்பான் வீடு ஒடைஞ்சா ஓடிப் பொழைச்சுக்கும். இது ஓடாது, ஒடைஞ்சதக் கட்ட வரும். அங்கதான் மருந்து வைக்கிறது."

மண்தடத்தை ஆணியால் மெல்ல உடைத்தார். சற்று நேரத்தில் ஒரு கறையான் ஈரமண்ணோடு வந்து உடைப்பை அடைக்கத் தொடங்கியது.

"வைக்கவா சார்?"

கரப்பானுக்கு அவர் இப்படிக் கேட்கவில்லை. போரில் உடைந்த யாழ்ப்பாணத்து வீட்டை இருமுறை திரும்பக் கட்டி, மூன்றாம் முறை உடைந்தபோது ஓடிவந்தவன் நான். நானும் அவர் பக்கத்தில் குந்தினேன்.