நவுஷாத் பாயின் இடது கால்

தியாகதுருகத்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் நவுஷாத் பாய்க்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே தூண் மாதிரி வீங்கியிருக்கும். பதினெட்டு வருடமாக அப்படித்தான். தனக்கு ஒரு ஜோடி எடுக்க இரண்டு ஜோடியைப் பிரிப்பார்: வலதுக்கு ஏழு, இடதுக்குப் பத்து. அதில் அவருக்கு வருத்தமில்லை. காலுக்கு என்ன என்று யாராவது கேட்டால்தான் சிக்கல். யானைக்கால் என்று சொல்ல வாய் வராது. ஆளுக்கொரு கதை சொல்லிவிடுவார்.

ஒருநாள் வெங்கடேசனும் செல்லமுத்துவும் ஒரே நேரத்தில் செருப்பு வாங்க வந்துவிட்டார்கள்.

"எருமை மிதிச்ச காலு இன்னும் சரியாவலியா பாய்?" என்றார் வெங்கடேசன்.

"எருமையா? கெணத்துல உழுந்துட்டேன்னு இல்ல எங்கிட்ட சொன்னாரு," என்றார் செல்லமுத்து.

பாய் ஒரு செருப்பை எடுத்துத் துடைத்தார். "கெணத்துல எருமையும் இருந்திச்சு," என்றார்.

மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் இசைவாணி சிரித்துவிட்டாள். அப்புறம் பாயின் கால் அருகே குந்தி, விரலிடுக்கில் இருந்த புண்ணைப் பார்த்தாள்.

"குளிர் ஜுரம் அடிக்கடி வருதா?"

அது மனைவிக்கு மட்டும் தெரிந்த சங்கதி. பாய் தலையாட்டினார்.

"கொசுக்கடில உள்ள போன புழு செஞ்ச வேலைங்க இது. வீக்கம் முழுசா போவாது. தெனம் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் இல்லாம தொடச்சு, புண்ணுக்கு மருந்து போட்டா ஜுரம் கம்மியாவும்."

பதினெட்டு வருட வேதனைக்குச் சோப்பா என்று பாய்க்குக் கோபம். வீட்டில் போய்ப் பொரிந்து தள்ளினார். மறுநாள் காலை மனைவி மெஹ்ராஜ் பேகம் வாளி, சோப்பு, துண்டு, முக்காலி எல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

"மீசைக்கு அர மணி நேரம் ஆக்குறீங்க. காலுக்குப் பத்து நிமிஷம் குடுங்க."

நான்கு மாதமாக ஜுரம் எட்டிப் பார்க்கவில்லை. வீக்கம் ஒரு சுற்றுதான் வற்றியது. ஆனால், கேட்டவர்களுக்கெல்லாம் பாய் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

பிறகு யானைக்கால் தடுப்பு மாத்திரை முகாம் வந்தது. இசைவாணி மேசை போட்டுக் காத்திருந்தாள். வந்தவர்களோ வூட்டுக்குப் போய்ப் போட்டுக்கிறோம் என்று மாத்திரையைக் கையில் கேட்டார்கள். பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு, கைலியை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் அந்தக் காலத்துல குடுத்தாங்க. சட்டப் பாக்கெட்டுல போட்டுக்கினு போனேன். மாத்திரைய சட்ட தின்னுடுச்சு. சட்ட நல்லாத்தான் இருந்திச்சு."

எல்லோரும் அங்கேயே விழுங்கினார்கள். மதியத்துக்குள் தண்ணீர் கேன் காலி. அடுத்த கேனுக்கு போன் போட்டவரும் பாய்தான்.