கழுவாத கூழாங்கற்கள்

எண்பதுகளின் பாதியில், ஒரு குறுவை அறுவடைச் சமயம். திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது. அறுக்க ஒரு ஆள் இறங்கவில்லை. அறுப்புக் கூலியை உயர்த்தினால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று எங்கள் தெரு மொத்தமும் வேலைநிறுத்தத்தில் இருந்தது. என் அப்பாதான் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். நான் அந்த வருடம்தான் விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்.

ஊரே இப்படிக் கொதித்துக்கொண்டிருந்தபோது நான் தங்கமீனுக்கு வைத்தியம் பார்க்கப் போனேன். அதுவும் பண்ணையார் வீட்டுத் தங்கமீனுக்கு.

ஒருநாள் டவுனுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினேன். அதே பஸ்ஸில் வந்த பண்ணையார் வீட்டு மருமகள், இறங்கியதும் என்னைக் கூப்பிட்டார். பட்டணத்தில் வளர்ந்தவர். கணவர் கப்பலில் வேலை பார்த்ததால் வருடத்தில் பாதி நாள் இங்கே மாமியாருடன்தான் இருந்தார்.

"தம்பி, காலேஜ்ல மீன் தொட்டியைப் பாத்துக்கிட்டது நீங்கதானே? மீனைப் பத்திக் கேக்கக் காலேஜுக்குப் போயிருந்தேன், உங்க வாத்தியாருங்க சொன்னாங்க."

அந்த வீட்டிலிருந்து எங்கள் தெரு ஆளை யாரும் நீங்கள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆமாங்க என்றேன்.

விஷயம் இதுதான். அவருடைய தகப்பனார் தங்கமீன் வளர்த்தவர். அந்தச் சித்திரையில் அவர் இறந்துபோனார். மீன்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகள் தொட்டியோடு இங்கே கொண்டுவந்துவிட்டார். ஏழு மீன்கள் வந்தன. மூன்றுதான் மிச்சம்.

"அப்பாகிட்ட ஆறு வருசமா இருந்த மீனுங்க. எங்கிட்ட வந்து சாகுது. சாவு வீட்டு மீனு, சகுனம் சரியில்லைங்கறாங்க அத்தை. இன்னும் ஒண்ணு செத்தா தொட்டியோட தூக்கிக் குளத்துல கொட்டிடணும்னு சொல்லிட்டாங்க."

"தண்ணி மாத்துறீங்களா?"

"வாராவாரம். வெள்ளிக்கிழமை வீடு கழுவுறப்ப தொட்டியையும் கழுவிடுவோம். கல்லைக்கூட வெந்நீர்ல அலசி, வெயில்ல காயவெச்சுத்தான் போடுறோம். அதுக்கு மேல என்ன பண்றது சொல்லுங்க."

மீனைப் பார்க்காமலே எனக்கு நோய் தெரிந்துவிட்டது. கல்லூரித் தொட்டியை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டவன் நான். எத்தனையோ விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு, தங்கமீன் விஷயத்தில் கிடையாது. வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எந்த வீட்டுக்கு, எந்த நேரத்தில் என்பது உறைத்தது.

வீட்டில் சொன்னேன். அம்மா, "உனக்கென்ன பித்தா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அப்பா சொன்னார்.

"மீனுக்கு மூச்சு முட்டுதுன்னா ஓடுறே. நமக்கு முட்டுனப்ப அந்த வீட்டுலேருந்து யாருடா வந்தா?"

"அது மீனோட தப்பு இல்லையேப்பா."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "சரி, போ. கதிர் அறுக்கப் போகலை, மீன் பாக்கத்தானே போறே. ஆனா வாசல் வழியா போ. கொல்லைப்பக்கம் வான்னு சொன்னா அப்படியே திரும்பி வந்துடணும். அது சம்மதம்னா போ."

எங்கள் தெரு ஆட்கள் அந்த வீட்டுக்குக் கொல்லை வழியாகத்தான் போவார்கள். மாட்டுக்கொட்டகையைச் சுற்றி, கிணற்றடியில் நின்று, சொன்னதைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். வாசல்படியில் கால் வைத்தவர் யாரும் இல்லை.

மறுநாள் காலையில் போனேன். வழியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் விடவில்லை. "என்ன டாக்டர், பண்ணை மீனுக்கு ஊசியா, மாத்திரையா?" என்றார் ஒருவர். "மீனுக்குக் கூலி உயர்வு கேட்டுப் பாரு, நமக்கு முன்னாடி அதுக்குக் கெடைச்சிடும்" என்றார் இன்னொருவர். நானும் சிரித்துக்கொண்டேதான் கடந்தேன். ஆனால் அவர்களில் இரண்டு பேர் சிரிக்கவில்லை, அதையும் கவனித்தேன்.

பண்ணையார் அந்த நாட்களில் பகலெல்லாம் டவுனில், போலீஸ், வக்கீல் என்று அலைந்துகொண்டிருந்தார். வாசலில் பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியஸ்தர் நின்றார். முதல் படியில் கால் வைத்தேன்.

"ஏய், எங்க ஏர்றே? கொல்லைப்பக்கமா சுத்தி வா."

"தொட்டி எங்க இருக்குங்க?"

"கூடத்துல."

"கூடத்துக்குக் கொல்லை தூரங்க. வாசல்தான் கிட்ட."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கீழும் இறங்கவில்லை, மேலும் ஏறவில்லை. திரும்பிப் போவதானால் போகலாம், அப்பாவுக்குக் கொடுத்த வாக்கும் அதுதான். ஆனால் உள்ளே மூன்று மீன்கள் இருந்தன. சத்தம் கேட்டு மருமகள் வெளியே வந்தார்.

"நான்தான் வரச் சொன்னேன். இப்படியே வாங்க தம்பி."

கூடத்தின் நடுவில் தொட்டி பளபளவென்று இருந்தது. கண்ணாடியில் ஒரு கறை இல்லை. கூழாங்கற்கள் அன்றைக்குத்தான் கடையில் வாங்கியவை போல இருந்தன. அவ்வளவு சுத்தமான தண்ணீரில் மூன்று மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள்கள் சிவந்து, துடுப்புகள் ஒடுங்கியிருந்தன. ஒரு மூலையில் சின்ன ஃபில்டர் ஒன்று, கொதிக்காத உலைபோல எப்போதாவது ஒரு குமிழி விட்டது. அந்த நேரம் பண்ணையின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடினால் எங்கள் பக்கம் வோல்டேஜ் விழுந்துவிடும், பல்பே அழுது வடியும். அந்தக் குட்டி காற்று பம்ப் என்ன செய்யும்?

மாமியார் தூணோரம் நின்றிருந்தார். என்னிடம் பேசவில்லை. இரண்டடி தூரத்தில் இருக்கிற எனக்குச் சொல்ல வேண்டியதை மருமகளிடம் சொன்னார்.

"ஏம்மா, அவன் கையைத் தண்ணிக்குள்ள விடணுமான்னு கேளு."

"விடாம முடியாதுங்க" என்றேன். "மீனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும்."

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு எனக்குத் தெரிந்ததை மாமியாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மீன் தண்ணீரிலேயே தின்று தண்ணீரிலேயே கழிக்கிறது. அந்தக் கழிவு நிறமில்லாத விஷமாகத் தண்ணீரில் கரைகிறது, அதனால் தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்பக் கூடாது. அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் கூழாங்கல் மேல் வழவழப்பாகப் படிந்து வாழ்கின்றன. ஃபில்டர் என்றால் அழுக்கைப் பிடிக்கிற துணி மட்டும் இல்லை, அந்த உயிர்களின் குடியிருப்பு அது. வெள்ளிக்கு வெள்ளி வெந்நீர் ஊற்றினால் குடியிருப்பே காலி. போதாததற்கு, தங்கமீன் மற்ற அலங்கார மீன்களைப் போல இல்லை. நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். சின்ன மீனுக்கென்று விற்கிற ஃபில்டர் அதற்குக் காணாது. இரண்டு மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும், வோல்டேஜ் விழுகிற ஊரில் பம்பும் அதற்கேற்ற மாதிரி பெரிதாக இருக்க வேண்டும்.

"கழுவலைன்னா நாத்தம் எடுக்காதான்னு கேளும்மா" என்றார் மாமியார், தூணைப் பார்த்தபடி.

"எடுக்காதுங்க. வாரம் ஒருதடவை கால் பங்கு தண்ணியை மட்டும் மாத்துனா போதும். கல்லைத் தொடக் கூடாது."

தீனியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அப்போதைக்குக் கொஞ்சம் தண்ணீரை மாற்றிவிட்டுக் கிளம்பினேன். தெருவில் பத்தடி போயிருப்பேன். பின்னால் படியில் வாளித் தண்ணீரை வீசி ஊற்றும் சத்தமும் விளக்குமாறு இழுக்கும் சத்தமும் கேட்டன. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா கேட்டார். "எந்த வழியா போனே?"

"வாசல் வழியா."

"படியைக் கழுவி விட்டாங்களா?"

"ம்."

"கழுவட்டும். நாளைக்கும் போ. எத்தனை வாளி ஊத்துறாங்கன்னு பாப்போம்."

மறுநாளும் போனேன். மருமகள் காரை அனுப்பித் தஞ்சாவூரிலிருந்து பெரிய பம்ப் வாங்கிவைத்திருந்தார். நான் இரண்டு பிளாஸ்டிக் ஊறுகாய் ஜாடிகளில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளைகள் போட்டு எடுத்துப் போயிருந்தேன். உள்ளே கல், நடுவில் ஒரு குழாய், குழாய்க்குள் காற்று. காற்று மேலே ஏறும்போது தொட்டித் தண்ணீர் கல்லின் ஊடே இழுபட்டு வரும். கடை ஃபில்டரைவிட அது பெரிது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் புதுக் கல்லில் அந்த உயிர்கள் வந்து குடியேற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மீன்கள் அதுவரை தாங்காது. அதனால் காலையிலேயே கல்லூரிக்குப் போய், வாத்தியாரிடம் கேட்டு, நான் பார்த்துக்கொண்ட தொட்டியிலிருந்தே கூழாங்கற்களை அள்ளி, ஈரம் காயாமல் பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். பழுப்பாக, வழவழப்பாக, குளத்துச் சேற்று வாடையோடு இருந்தன. அதை அந்தக் கூடத்தில் அவிழ்த்தபோது மாமியார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"இந்த அழுக்கையா உள்ள போடப் போறான்?"

"இந்த அழுக்குதாங்க மருந்து" என்றேன். அவரிடமே நேராகச் சொன்னேன். "இதை வெள்ளிக்கிழமை மட்டும் யாரும் கழுவிடக் கூடாது. அன்னைக்குக் காலையில நானே வந்து பக்கத்துல நிக்கிறேன்."

அன்றும் நான் போன பிறகு படியில் தண்ணீர் ஊற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை என்னால் போக முடியவில்லை. விடியும் முன்பே லாரியில் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார்கள். எங்கள் தெரு வரப்பில் போய் நின்று மறித்தது. போலீஸ் வேன் வந்தது. அப்பாவையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். புகார் கொடுத்தது பண்ணையார். நானும் அம்மாவும் டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே, புளியமரத்தடியில் அன்று முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

உண்மையைச் சொல்கிறேன். அப்பா உள்ளே இருக்கிறார், அடித்தார்களோ என்னவோ தெரியவில்லை, அம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த நேரத்திலும் நடுநடுவே எனக்கு அந்தக் கூழாங்கற்கள் ஞாபகம் வந்தது. இந்நேரம் வேலைக்காரம்மா வாளியோடு வந்திருப்பார். இந்நேரம் வெந்நீர் கொதித்திருக்கும். இன்றைக்கு அந்த வீட்டில் என் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கப் போகிறது, எங்கள் ஆட்களின் சுவடு இருக்கிற எல்லாவற்றையும் இன்று இரண்டு தடவை கழுவுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மீன்களையும் மனதுக்குள் குளத்தில் கொட்டிவிட்டேன்.

சனிக்கிழமை தாசில்தார் முன்னிலையில் பேச்சு நடந்தது. மழை நெருங்கிவிட்டது, நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும் என்ற பயம் எங்களைவிட அவர்களுக்கு அதிகம். கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை, ஆனால் கிடைத்தது. அப்பா சாயங்காலம் வெளியே வந்தார். சட்டையின் ஒரு கை கிழிந்திருந்தது. பஸ்ஸில் வரும்போது, "மீன் என்னாச்சுடா?" என்றுதான் முதலில் கேட்டார். தெரியாது என்றேன்.

"போய்ப் பாத்துட்டு வந்துடு. சொன்னா சொன்ன மாதிரி நிக்கணும்."

ஞாயிறு காலையில் போனேன். காரியஸ்தர் வாசலில் இருந்தார், வேறு பக்கம் பார்த்தார். படியேறி உள்ளே போனேன். கூடத்தில் மாமியார் மட்டும்தான் இருந்தார்.

தொட்டியைப் பார்த்தேன். கண்ணாடியில் லேசாகப் பாசி படர்ந்திருந்தது. இரண்டு ஜாடிகளும் நான் வைத்த இடத்தில், நான் வைத்த சாய்மானத்தில், உள்ளே அதே பழுப்புக் கற்களோடு இருந்தன. குமிழிகள் விடாமல் ஏறிக்கொண்டிருந்தன. மூன்று மீன்களும் அடித்தரையில் வாலை விரித்து மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட மேலே வரவில்லை.

"வெள்ளிக்கிழமை அவ டாக்டர்கிட்டப் போயிருந்தா" என்றார் மாமியார். மருமகளைச் சொன்னார். இந்தத் தடவை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "வேலைக்காரி வாளியோட வந்து நின்னா. நீ வருவேன்னு பாத்தேன். வரலை. அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. நானே முக்காலியை இழுத்துப் போட்டு இங்க ஒக்காந்துட்டேன். வீடு கழுவி முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்கலை. இதைத் தொடாதே, அப்படியே கெடக்கட்டும்னுட்டேன்."

நல்லதுங்க என்றேன்.

"உங்கப்பா வந்துட்டாரா?"

"நேத்து சாயங்காலம் வந்துட்டாருங்க."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். உட்காரச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கிளம்பி வரும்போது பின்னால் படியில் தண்ணீர் ஊற்றினார்களா என்று காது கொடுத்துக் கேட்கவும் இல்லை. ஊற்றியிருக்கலாம்.

மருமகள் பிறகு கணவரோடு பட்டணத்துக்குப் போனபோது மூன்று மீன்களும் அந்த இரண்டு ஜாடிகளும் அவருடனேயே போயின. கற்களை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் இப்போது கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் வீட்டுக்கு வீடு மீன் தொட்டி வைக்கிறார்கள், என்ன ஃபில்டர் வாங்கலாம் சார் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். தங்கமீன் என்றால் கடைக்காரர் சொல்வதைவிட இரண்டு மடங்கு பெரிதாக வாங்குங்கள், வாங்கியபின் அதை மொத்தமாகக் கழுவிவிடாதீர்கள் என்று சொல்வேன். கேட்கிறவர்களுக்கு அது மீன் வளர்க்கும் யோசனை. எனக்கோ, என் காலடி பட்ட படியைக் கழுவிவிட்ட ஒரு வீட்டில், என் கை வைத்துவிட்டுப் போனதை யாரும் கழுவிவிடாமல் ஒருத்தி காவல் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு முறையும் கண்முன் வந்துவிட்டுப் போகிறது.